முப்பத்தொன்றோடு ஒன்று

முகாம் செயலாளர் அவர்களே, நீங்கள் பிள்ளைகளிடம் பொய் சொல்கிறீர்கள். தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்தே சொல்கிறீர்கள்.

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் டீச்சர்களுக்கும் தொண்டர்களுக்கும், பழைய ஆள் என்ற முறையில், என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். இரண்டு பக்கம் போதும் என்றீர்கள். வெயிலில் பிள்ளை மயங்கி விழுந்தால் என்ன செய்வது, பாம்பைப் பார்த்தால் என்ன செய்வது, அந்த மாதிரி. மயங்கி விழுந்தால் நிழலில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுங்கள். பாம்பைப் பார்த்தால் விலகிப் போங்கள். நீங்கள் கேட்டது முடிந்தது. இனி எழுதுவது நான் எழுத வேண்டியது.

புதிதாக வந்திருக்கிறவர்களே, இது உங்களுக்கு. ஒவ்வொரு மே மாதமும் முகாமின் முதல் நாள் செயலாளர் மேடையில் ஏறி ஒரு கதை சொல்கிறார் அல்லவா? முன்னொரு காலத்தில் இதே முகாமில் சொல் பேச்சுக் கேட்காத ஒரு பெண் பிள்ளை இருந்தாள், டீச்சர் விசில் அடித்தும் வரவில்லை, ஆற்று முகத்துவாரத்தில் மணல் திட்டில் மாட்டிக்கொண்டாள், கடல் தண்ணீர் சூழ்ந்துகொண்டது, ஆண்டவர் கிருபையால் பிழைத்தாள், ஆகவே பிள்ளைகளே விசில் கேட்டால் ஓடி வாருங்கள் என்று. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். அந்த விசிலை அடித்தவள் நான். அந்தக் கதையை முதலில் சொன்னவளும் நான்.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போய் இரண்டாவது கோடை. கன்னியர் மடத்துப் பள்ளியில் எனக்கு அப்போது ஆறு வருட வேலை. மடத்துக்குத் தலைவியாக இருந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரி. பெரிய தாயார் என்று கூப்பிடுவோம். கொடி இறங்கினாலும் அவர் கப்பல் ஏறவில்லை. ஆனால் ஊர் தன்னை இனி எப்படிப் பார்க்கும் என்ற பயம் அவருக்கு இருந்தது. அந்தப் பயத்தில் நல்லதும் செய்தார். அதுவரை ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் என்றிருந்த கோடை முகாமை, பள்ளியில் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் என்று திறந்துவிட்டார்.

'ஆண்டவருடைய தோட்டம்' என்பது முகாமின் பெயர். பிள்ளைகள் வைத்த பெயர் நண்டுப் பள்ளிக்கூடம். பத்து நாள். காலை ஆறரைக்கு மாதா கோயில் வாசலில் கூடி, ஆற்றங்கரை, சவுக்குத் தோப்பு, கடற்கரை என்று ஒரு நாளைக்கு ஓர் இடம் நடந்து போய், மரம், பூச்சி, பறவை எல்லாம் பார்த்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டியது. பாட்டும் ஜெபமும் உண்டு. கூட நானும் லூர்து டீச்சரும். இரண்டு பேர்தான்.

இப்போது எண்ணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். கவனித்துப் படியுங்கள். தப்பு முழுவதும் இதில்தான் இருக்கிறது.

நான் முகாம் நடத்திய முதல் வருடமே கோயில் வாசலில் விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணப் போக, ஒரு தாய் என் கையைத் தட்டிவிட்டாள். "டீச்சர், புள்ளைங்கள விரல நீட்டி எண்ணாதீங்க. ஆட்டு மந்தையா இது? கண்ணு பட்டுப் போயிடும்." கூட நின்ற நான்கு தாய்மார்களும் அதையே சொன்னார்கள். எல்லாம் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர்கள்தான். பெரிய தாயாரிடம் போனேன். அவருக்குக் கண்ணேறில் நம்பிக்கை கிடையாது. ஆனால் தாய்மார்களோடு சண்டை வேண்டாம் என்றார். "வேறு வழி கண்டுபிடியுங்கள். நீங்கள் கெட்டிக்காரி" என்றார்.

கெட்டிக்காரி கண்டுபிடித்தேன். ஓர் இடத்தை விட்டுக் கிளம்பும் முன் விசில் அடிப்பேன். பிள்ளைகள் வட்டமாக நிற்பார்கள். கை கூப்பி, கண் மூடி, அன்றைக்குப் பார்த்த ஒன்றுக்கு ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும். "நண்டுக்காக நன்றி ஆண்டவரே." "மீன்கொத்திக்காக நன்றி ஆண்டவரே." ஒரு பிள்ளை ஒரு நன்றி. நானும் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு குரலுக்கும் ஜெபமாலையில் ஒரு மணியைத் தள்ளுவேன். ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாகத்தானே இருக்கிறது, விரலுக்கே கணக்குத் தெரியும். யார் கண்ணும் படாது, யார் தலையையும் எண்ணவில்லை, எண்ணிக்கையும் ஆயிற்று, ஜெபமும் ஆயிற்று. வந்து பார்த்த சாமியார் ஒருவர் இதைப் புகழ்ந்து பிரசங்கத்தில் சொன்னார். நான் இரண்டு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

முகாமைத் திறந்துவிட்ட வருடம் முப்பத்திரண்டு பிள்ளைகள். அதில் இந்துப் பிள்ளைகள் நான்கு பேர். அவர்கள் வீட்டில் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. வட்டத்தில் நின்று எல்லோரையும்விடச் சத்தமாக நன்றி சொன்னார்கள். ஒரு முஸ்லிம் பிள்ளை. மைமூன். ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு முடித்து நாலாம் வகுப்புக்குப் போக வேண்டியவள்.

அவளுடைய வாப்பா வியட்நாமில், சைகோனில் கடை வைத்திருந்தார். வீட்டில் உம்மாவும், உம்மாவின் தம்பியும். மாமாக்காரருக்குப் பிள்ளையை அனுப்ப இஷ்டம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதே அவருக்கு அரை மனது. உம்மாதான் பிடிவாதமாக நின்றார். நான் நேரில் போய்க் கேட்டபோது கதவுக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"டீச்சர், அவளுக்கு மண்ணு, பூச்சி, புழு, எல்லாம் இஷ்டம். வூட்டுல அடைச்சு வச்சா என் தலையத் தின்னுடுவா. அனுப்புறேன். ஆனா ஒன்னு. ஒங்க ஓதல்ல அவள நிப்பாட்டக் கூடாது. என் தம்பி அதத்தான் கேக்குறான்."

"நிறுத்த மாட்டேன். நாங்க ஜெபம் பண்றப்ப அவ தள்ளி இருக்கட்டும். முடிஞ்சதும் நானே கூப்பிட்டுக்கறேன்."

"வாக்குதானே?"

"வாக்கு."

அந்த வாக்கை நான் மீறவில்லை. அதுதான் கொடுமை.

விசில் அடித்தால் மற்றப் பிள்ளைகள் வட்டத்துக்கு ஓடி வர வேண்டும். மைமூன் மட்டும் எதிர்ப் பக்கமாக விலகிப் போய், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். முதுகு காட்ட வேண்டும் என்பது நான் வைத்த சட்டம். முதல் நாள் அவள் பார்த்துக்கொண்டே இருந்ததில் இரண்டு பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள், அதனால். ஜெபம் முடிந்ததும் "மைமூன்!" என்று கூப்பிடுவேன். ஓடி வருவாள். நன்றி முப்பத்தொன்று வரும். அதோடு ஒன்று கூட்டிக்கொள்வேன். முப்பத்திரண்டு.

மூன்றாம் நாள் என்னிடம் வந்து நின்றாள். "டீச்சர், நானும் ஒன்னு சொல்றேனே. அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லிக்கிறேன். எங்க நன்றி அதுதான்."

"எதுக்கும்மா சொல்லப் போற?"

"நண்டுக்கு. பக்கவாட்டுல நடந்தே எங்க வேணுமோ அங்க போயிடுதுல்ல. நாம அப்படி நடந்தா வுழுந்துடுவோம்."

லூர்து டீச்சர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. வட்டத்துக்குள் அந்த வார்த்தையைக் கேட்டால் கோயில் தாய்மார்கள் என்ன சொல்வார்கள், பெரிய தாயார் என்ன சொல்வார், இவளுடைய மாமாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், எல்லாம் ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டேன். "வேணாம்மா. உங்க உம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். நீ தள்ளி உக்காரு" என்றேன். சரி என்று போய்விட்டாள். அவள் சொல் பேச்சுக் கேட்ட பிள்ளை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்த வார்த்தையைச் சொல்ல விட்டிருந்தால் அவளுக்கும் என் ஜெபமாலையில் ஒரு மணி இருந்திருக்கும்.

ஆறாம் நாள் அரசலாற்று முகத்துவாரத்துக்குப் போனோம். மேட்டூர் திறக்காத மாதம். மேலிருந்து ஆற்றில் தண்ணீர் வராது, முகத்துவாரத்தில் கிடப்பதெல்லாம் கடல் தண்ணீர்தான். கரைக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டுக்கும் இடையில் ஒரு ஓடை. காலை ஏழரைக்குப் பிள்ளைகளுக்கு முழங்கால் அளவு. கை கோத்துக் கடந்தோம். திட்டில் நண்டு வளை நூற்றுக்கணக்கில். மைமூன் நோட்டுப் புத்தகத்தில் வளைகளின் படம் போட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து மணி இருக்கும். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் கையை ஆட்டிக் கத்தினார். "யம்மா டீச்சரம்மா! தண்ணி ஏறுது, தெரியல? புள்ளைங்கள இந்தப் பக்கம் கொண்டாங்க!"

விசில் அடித்தேன். பிள்ளைகள் வட்டத்துக்கு ஓடி வந்தார்கள். மைமூன் நோட்டை எடுத்துக்கொண்டு, திட்டின் மறுபக்கம், மணல் மேட்டுக்கு அந்தண்டை போய், கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். சட்டம் அதுதானே. ஓடையைப் பார்த்தேன். நிறம் மாறியிருந்தது. ஜெபம் இங்கே வேண்டாம், முதலில் கடப்போம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரி. இன்றும் சரி என்பேன். வட்டத்தைக் கலைத்து வரிசையாக்கி, நான் முன்னால், லூர்து டீச்சர் கடைசியில், கடந்துவிட்டோம். லூர்து டீச்சர் ஓர் அழுகிற பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்க அவருக்குக் கை கால் ஒழியவில்லை. எனக்கு ஒழிந்தது. நான் பார்க்கவில்லை.

இந்தக் கரையில் வந்து வட்டம் கட்டினோம். ஆபத்திலிருந்து தப்பித்த சந்தோஷம். கண்ணை மூடினேன். நன்றி, நன்றி, நன்றி. மூன்று பத்தும் ஒரு மணியும். முப்பத்தொன்று. அதோடு ஒன்று. முப்பத்திரண்டு. ஆமென் சொல்லிவிட்டு நடந்தோம்.

பிறகு வழக்கம்போல் "மைமூன்!" என்று கூப்பிட்டிருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானும் எத்தனையோ முறை கேட்டுக்கொண்டேன். ஒரு பிள்ளைக்குக் காலில் சிப்பி கிழித்து ரத்தம் வந்தது. ஆமென் சொன்ன வாயோடு அதைக் கவனிக்கக் குனிந்தேன். கூப்பிடவில்லை.

தோப்பில் சாப்பாடு. எலுமிச்சைச் சாதப் பொட்டலம் மடத்திலிருந்து வரும். அதுவும் முப்பத்தொன்றுதான். மைமூனுக்கு வீட்டிலிருந்தே தூக்கு கொடுத்து அனுப்புவார்கள். அதனால் பொட்டலம் சரியாக இருந்தது. மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. எல்லோரும் சாப்பிட்டு இலையைப் பொறுக்கும்போது ஒரு சிறுமி தூக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். "டீச்சர், மைமூன் தூக்கு தொறக்காமயே இருக்கு. இன்னும் கனமாத்தான் இருக்கு."

அப்போது பன்னிரண்டு மணி.

அந்த நேரத்தில் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக. முதலில் பிள்ளைகளை நிற்க வைத்து ஒவ்வொருவராகக் கேட்டேன். கடைசியாக யார் பார்த்தீர்கள், வழியில் பார்த்தீர்களா, தோப்பில் பார்த்தீர்களா என்று. ஐந்து நிமிடம் அதில் போயிற்று. லூர்து டீச்சர்தான் கத்தினார். "என்ன விசாரண பண்றீங்க? ஓடுங்க! நான் இவங்கள வச்சுக்கறேன்." அதற்கப்புறம்தான் ஓடினேன். கொதிக்கிற மணலில் செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது.

திட்டு இல்லை. தண்ணீர் இருந்தது. நடுவில் மணல் மேடு இருந்த இடத்தில் மைமூன் நின்றாள். தொடை வரை தண்ணீர். நோட்டுப் புத்தகத்தைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அழவில்லை. ஓடை சுழித்துக்கொண்டு உள்ளே ஓடியது.

நான் இறங்கவில்லை. எழுதுகிறேன் பாருங்கள், நான் இறங்கவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது, அது உண்மை. ஆள் உயரத் தண்ணீர் இல்லை, அதுவும் உண்மை. கரையில் நின்று "மைமூன்! மைமூன்!" என்று கத்தினேன். கத்தலைக் கேட்டு அந்த மீனவர் பக்கத்துக் குடிசை நிழலிலிருந்து எழுந்து வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினார். நெஞ்சுக்கு வந்த தண்ணீரில் சாய்ந்து சாய்ந்து நடந்து போய், பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து என் முன்னால் இறக்கினார்.

"எண்ணிப் பாத்துத்தானம்மா போனீங்க?" என்றார்.

"எண்ணுனோம். முப்பத்திரண்டு இருந்துச்சு."

"அப்ப இது யாரு?"

மைமூனுக்குப் பல் தந்தி அடித்தது. உதடு நீலம். என்னைப் பார்த்து அவள் கேட்டாள்: "ஜெபம் முடிஞ்சிருச்சா டீச்சர்?"

கிண்டல் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. விசில் அடித்தது, விலகி வந்து உட்கார்ந்தாள், முதுகைக் காட்டினாள், கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள். காலில் தண்ணீர் பட்டபோதுதான் திரும்பிப் பார்த்திருக்கிறாள். யாரும் இல்லை. ஓடையில் இடுப்பு வரை இறங்கி, இழுக்கிறது என்று திரும்ப ஏறிவிட்டாள். அது அந்த வயதில் எவ்வளவு நல்ல முடிவு தெரியுமா? கரையில் நின்ற எனக்கு அந்த நிதானம் இல்லை.

அன்று சாயங்காலம் பெரிய தாயார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. மேசையில் முகாம் நோட்டு திறந்திருந்தது. பிள்ளைகளுக்காக உயிரைக் கொடுக்கக் கூடியவர் அவர். அன்று பயந்திருந்தார். இந்த ஊரில் நம்மை நம்பி அனுப்பிய முதல் முஸ்லிம் வீடு, இனி யார் அனுப்புவார்கள் என்றார். பிறகு கேட்டார்.

"விசில் அடித்தீர்களா?"

"அடித்தேன், தாயாரே."

"அவள் காதில் விழுந்ததா?"

"விழுந்தது."

"வந்தாளா?"

"வரவில்லை."

மூன்று கேள்விக்கும் நான் சொன்னது உண்மை. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், பச்சைப் பொய். பெரிய தாயார் பேனாவை எடுத்து, விசில் அடித்தும் வராத பிள்ளை என்று எழுதினார். எழுதும்போது ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் நான்காவதாக ஒரு வாக்கியம் சொல்வதற்கு அவர் இடம் கொடுத்தார் என்றுதான் இன்று நினைக்கிறேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். வீட்டில் என் ஒரு சம்பளம்தான். சொல்லவில்லை.

மறுநாள் காலை பெரிய தாயாரும் நானும் மைமூன் வீட்டுக்குப் போனோம். மாமாக்காரர் வாசலில் நின்றார். உம்மா கதவுக்குப் பின்னால் இல்லை, அன்று முன்னால் வந்து நின்றார். மீனவர் சொல்லி ஊரெல்லாம் தெரிந்திருந்தது. பெரிய தாயார் மன்னிப்புக் கேட்டார். பிறகு விசில் விஷயத்தைச் சொன்னார்.

மாமாக்காரர் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார். அக்கா பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டியா லாத்தா? விசில் அடிச்சும் வரலையாம். நீ செல்லம் குடுத்த லச்சணம். சைகோனுக்குக் கடுதாசி போடட்டுமா மச்சானுக்கு?"

உம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க டீச்சர். நீங்க கூப்புட்டு எம்புள்ள வராம இருந்தாளா?"

உள்ளேயிருந்து மைமூன் குரல் வந்தது. "டீச்சர்தான் தள்ளி உக்காரச் சொன்னாங்க உம்மா."

"வாய மூடு" என்றார் மாமா.

உம்மா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "விசில் அடிச்சேன். அவ வரல."

அவர் தலையை ஆட்டினார். முக்காட்டைச் சரி செய்துகொண்டு உள்ளே போனார். தம்பியோடு சண்டை போட்டுப் பிள்ளையை அனுப்பியவர். அந்தச் சண்டையில் அவருக்கு இருந்த ஒரே பிடி, டீச்சர் பார்த்துக்கொள்வார் என்பதுதான். அதை நான் அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. நாலாம் வகுப்பில் மைமூன் இடம் காலி. ஒருமுறை போய்க் கேட்டேன். கதவு திறக்கவில்லை. "ரெண்டு மூணு வருசத்துல நிறுத்தத்தான் போறோம் டீச்சர். இப்பவே நிக்கட்டும்" என்று உம்மா உள்ளேயிருந்தே சொன்னார். அவ்வளவுதான். வகுப்பிலேயே கூர்மையான பிள்ளை. அவள் படிப்பை நிறுத்தியது மாமாவும் இல்லை, கடலும் இல்லை.

அதற்குப் பிறகு நான் இருபத்தெட்டு முகாம் நடத்தினேன். பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு, முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகுதான் அடுத்த பெயருக்குப் போவேன். தாய்மார்கள் கண்ணேறு என்று சொன்னால் சொல்லட்டும் என்று விட்டேன். நோட்டில் இருந்த அந்த வரியை மட்டும் அடிக்கவில்லை. புதிதாக வந்த டீச்சர்கள் அதைப் படித்துவிட்டு என்னைக் கேட்பார்கள். "ஆமாம், ஒரு பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். இப்படித்தான் அது கதையாக வளர்ந்து மேடை ஏறியது.

பல வருடம் கழித்து பெரிய ஆஸ்பத்திரியில் கண் டாக்டருக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு சீட்டை நீட்டினார். "எழுத்து பொடிப்பொடியா இருக்கு. இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க டீச்சர்." டீச்சர் என்று எப்படித் தெரியும் என்று நிமிர்ந்தேன். மைமூன். பேரப் பிள்ளை எடுத்தாயிற்றாம். சீட்டைப் படித்துச் சொன்னேன். சீட்டை வாங்கி மடித்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க கூப்புடுறதுக்கு முன்னாடியே நான் எந்திரிச்சு ஓடி வந்திருந்தா, திட்டியிருப்பீங்கதானே?"

"திட்டியிருப்பேன்."

"அதான் வரல" என்றாள். சிரிக்கவும் செய்தாள். எனக்கு அவள் சிரித்ததைத் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட எதுக்கு டீச்சர்? எனக்குத்தான் தெரியுமே" என்றாள். அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போனாள்.

அவளுக்குத்தான் தெரியும். தெரியாதவர்களிடம் அல்லவா நான் சொல்ல வேண்டும். அதற்கப்புறமும் தள்ளிப் போட்டேன். போன மே மாதம் விருந்தாளியாக வந்து உட்கார்ந்து, செயலாளர் அவர்களே, நீங்கள் அந்தக் கதையைச் சொல்வதைக் கேட்டேன். 'திமிர் பிடிச்ச பொண்ணு' என்று நீங்கள் ஒரு சொல் சேர்த்தீர்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். மேடைக்குப் பின்னால் வந்து உங்களிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். "பழைய விஷயம் டீச்சர். புள்ளைங்களுக்கு நல்ல பாடம். பேர் சொல்லலையே" என்றீர்கள். கடிதமும் போட்டேன். பதில் இல்லை. இந்த வருட அழைப்பிதழில் 'விசில் கேட்காத சிறுமி: கதை நேரம்' என்று அச்சடித்தே விட்டீர்கள்.

புதிதாக வந்தவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. யாரை உங்கள் வட்டத்துக்கு வெளியே நிறுத்துகிறீர்களோ, நல்ல எண்ணத்தில் நிறுத்தினாலும், அவரை முதலில் எண்ணுங்கள். ஆபத்து முடிந்த பிறகு உங்களை யாராவது கேள்வி கேட்டால், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள். வேலை போனால் போகட்டும். எனக்கு வேலை போகவில்லை. முப்பது வருடம் நல்ல பெயரோடு சம்பளம் வாங்கினேன். அதில் ஒரு நாள் சம்பளம்கூட எனக்கு நிம்மதியாக ஒட்டவில்லை.

செயலாளர் அவர்களே, வருகிற முகாமின் முதல் நாள் கோயில் மைதானத்தில் பெற்றோர்கள் எல்லாம் இருப்பார்கள். கதை நேரத்துக்கு முன்னால் நான் எழுந்து நிற்பேன். நீங்கள் கூப்பிடாவிட்டாலும் நிற்பேன். நான் செய்ததை என் வாயால் சொல்வேன். மைமூன் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டேன், வருகிறேன் என்றிருக்கிறாள். அதற்குப் பிறகு ஒலிபெருக்கி உங்கள் கையில் இருக்கும். என்னைப் பார்க்க வேண்டாம். அவளைப் பார்த்து, அத்தனை பேர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்: அந்தப் பிள்ளை எந்தச் சொல்லைக் கேட்கவில்லை?